வீட்டைச் சோதிக்கக் குழந்தையின் இரத்தமா?

அமெரிக்காவில் ஒரு பழைய வாடகை வீட்டில் காரீயம் இருக்கிறதா என்று பல பத்தாண்டுகளாகக் கண்டுபிடித்துவந்த முறை இதுதான். குழந்தைக்கு ஒரு வயதிலோ இரண்டு வயதிலோ மருத்துவமனையில் இரத்தம் எடுப்பார்கள். காரீயத்தின் அளவு கூடியிருந்தால் சுகாதாரத் துறைக்குத் தகவல் போகும். ஆய்வாளர் வீட்டுக்கு வருவார். ஜன்னல், வாசற்கதவு, மாடிப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, பழைய பெயின்ட் எங்கே உரிந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டு, வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் அனுப்புவார். நோட்டீஸுக்குப் பதில் வருவதற்குள் அந்தக் குடும்பம் பெரும்பாலும் வேறு வீடு பார்த்துப் போயிருக்கும். காலியான இடத்தில் இன்னொரு குடும்பம், இன்னொரு கைக்குழந்தையோடு குடியேறியிருக்கும். இதில் ஒவ்வோர் அடியும் சட்டப்படியே நடந்தது. ஆனால் முதல் அடி எடுத்துவைக்கவே ஒரு குழந்தையின் உடம்பில் நஞ்சு ஏறியாக வேண்டியிருந்தது.

நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரம் இந்த வரிசையை மாற்றியது. அங்கே வீடுகளில் பெரும்பாலானவை 1950க்கு முன் கட்டப்பட்டவை. நகரவாசிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் வாடகைக்கு இருப்பவர்கள். 2000ஆம் ஆண்டை ஒட்டி, 17ஆம் எண் பொதுப் பள்ளியின் தலைமையாசிரியர் ரால்ஃப் ஸ்பெசியோ, தம் பள்ளிக்கு வரும் பிள்ளைகளில் இத்தனை பேருக்குக் கற்பதில் ஏன் இவ்வளவு சிரமம் என்று கேட்டார். மாவட்ட சுகாதாரத் துறையின் இரத்தப் பரிசோதனை விவரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, புதிதாகச் சேர்ந்த குழந்தைகளில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் காரீய அளவு கூடியவர்களாக இருந்தார்கள். பாடத்திட்டத்தையும் ஆசிரியர்களையும் மாற்றித் தீர்க்கக்கூடிய சிக்கலாக அது இல்லை. பிள்ளைகள் குடியிருந்த வீடுகளில் அதன் வேர் இருந்தது. ஆசிரியர்கள், மருத்துவர்கள், பெற்றோர், ஆய்வாளர்கள் சேர்ந்து காரீய நஞ்சைத் தடுப்பதற்கான கூட்டமைப்பைத் தொடங்கினார்கள்.

வீடுகளுக்குள் காரீயம் எப்படி வந்தது? பெயின்ட் வழியாகத்தான். வெள்ளைக் காரீயம் கலந்த எண்ணெய்ப் பெயின்ட் நன்றாகப் பிடிக்கும், கழுவினாலும் போகாது, ஈரத்தைத் தாங்கும். எனவே சமையலறை, குளியலறை, கதவு, ஜன்னல், படிக்கட்டு என்று கை அதிகம் படும் இடங்களிலெல்லாம் அதையே அடித்தார்கள். காய்ந்த பெயின்ட்டின் எடையில் பாதி வரைகூடக் காரீயம் இருந்ததுண்டு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கில், 1940க்கு முன் கட்டிய வீடுகளில் 87 விழுக்காட்டிலும், 1940 முதல் 1959 வரையானவற்றில் 69 விழுக்காட்டிலும், 1960 முதல் 1977 வரையானவற்றில் 24 விழுக்காட்டிலும் காரீயப் பெயின்ட் இருக்கிறது. 1978இல்தான் வீட்டுப் பெயின்ட்டில் அதற்கு நாடு முழுவதும் தடை வந்தது.

தெரியாமல் நடந்த தாமதம் என்று இதைச் சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகர மருத்துவர் லாக்ஹார்ட் கிப்சன், குழந்தைகளின் காரீய நோய்க்குக் காரணம் வீட்டுத் தாழ்வாரங்களிலும் கைப்பிடிகளிலும் அடித்த பெயின்ட்தான் என்று 1904இலேயே எழுதிவிட்டார். குயின்ஸ்லாந்து 1922இல், குழந்தைகளின் கைக்கு எட்டும் இடங்களில் காரீயப் பெயின்ட் அடிப்பதைத் தடுத்தது. கட்டடங்களுக்குள் வெள்ளைக் காரீயத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1921இல் ஏற்றது. அமெரிக்காவிலேயே பால்டிமோர் நகரம் 1951இல் வீட்டின் உட்புறப் பெயின்ட்டில் காரீயத்தைத் தடைசெய்தது. இதற்கிடையே அமெரிக்கப் பெயின்ட் நிறுவனங்கள் சிறுவர்களுக்கான வண்ணப் புத்தகங்கள் வரை அச்சிட்டுக் காரீயப் பெயின்ட்டுக்கு விளம்பரம் செய்தன. 1950களில் நோயாளிக் குழந்தைகளின் எண்ணிக்கை பேசுபொருளானபோது, காரீயத் தொழிலின் சங்கம் பழியைக் குடிசைப் பகுதிப் பெற்றோர் மேல் போட்டது. கலிபோர்னியாவின் உள்ளாட்சிகள் 2000இல் தொடங்கிய வழக்கு 2019இல்தான் முடிந்தது. மூன்று நிறுவனங்கள் சேர்ந்து 30 கோடியே 50 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டன. கலிபோர்னியாவின் பழைய வீடுகளை எண்ணிப் பார்த்தால் அது சிறிய தொகை.

குழந்தை சுவரைச் சுரண்டித் தின்பதால்தான் நோய் வருகிறது என்று மருத்துவர்களே வெகுகாலம் நம்பினார்கள். தாய் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்ற குற்றச்சாட்டும் அதோடு சேர்ந்தே வந்தது. உண்மையில் பெரும்பாலான குழந்தைகளுக்குள் நஞ்சு போகும் வழி கண்ணுக்குத் தெரியாத தூசி. ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய புரூஸ் லான்ஃபியரும் அவருடைய குழுவினரும் 1990களில் அந்நகரத்து வீடுகளின் தரையிலும் ஜன்னலிலும் தூசி எடுத்து, அதே வீட்டுக் குழந்தைகளின் இரத்தத்தோடு ஒப்பிட்டு இதைத் தெளிவாகக் காட்டினார்கள்.

அந்த ஊர்ப் பழைய வீடுகளின் ஜன்னல்களை நெருங்கிப் பார்த்தால் தூசி பிறக்கும் விதம் புரியும். நம் ஊர்போல் வெளிப்பக்கம் திறக்கும் கதவுகள் அவற்றுக்கு இல்லை. இரண்டு மரச்சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, மேலும் கீழும் தள்ளித் திறக்கும்படி பக்கவாட்டுக் காடிகளில் ஓடும். சட்டத்திலும் பெயின்ட், காடியிலும் பெயின்ட். திறக்கும்போதும் மூடும்போதும் ஒன்றோடொன்று உரசி அது பொடியாகிறது. பொடி ஜன்னலின் அடிப்பள்ளத்தில் சேர்கிறது. மழைச்சாரல் பட்டால் மரம் உப்பி மேலும் உரிகிறது. வெயில் காலத்தில் ஜன்னல் நாள்முழுதும் திறந்திருக்க, காற்று அந்தப் பொடியை உள்ளே வீசுகிறது. தவழும் குழந்தை எழுந்து நிற்கப் பிடிப்பது ஜன்னல் விளிம்பைத்தான். விளிம்பைப் பிடித்த கை அடுத்த நொடி வாய்க்குப் போகிறது. பெயின்ட் ஓரிடத்திலும் தோல் உரியாமல் பார்வைக்கு நன்றாக இருக்கும் ஜன்னலிலும் இது நடக்கும்.

எவ்வளவு தூசி போதும் என்பதற்கு ஒரு கணக்கு போடலாம். சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லிகிராம் காரீயம் இருந்தால் அதைக் காரீயப் பெயின்ட் என்கிறது அமெரிக்கச் சட்டம். சட்டம் கணக்கில் எடுக்கும் மிகக் குறைந்த அளவு அது. ஒரு சதுர அடி என்பது 929 சதுர சென்டிமீட்டர். ஆக, ஒரு சதுர அடிப் பரப்பில் இருக்கும் காரீயம் ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவு. அந்த ஒரு சதுர அடியை யாராவது உலர்வாகத் தேய்த்து, பொடி முழுவதும் பத்துக்குப் பத்து அறையின் தரையில் படிந்தால், சதுர அடிக்கு 9,290 மைக்ரோகிராம் சேரும். தரைத் தூசிக்கு அந்நாடு வைத்த எல்லை 2001இல் 40 மைக்ரோகிராம், 2019இல் 10. காரீயத்தை அகற்றும் பணி முடிந்த வீட்டில் இருக்கக்கூடிய அளவை 2024இல் வெளியான விதி 5 ஆக்கியது. ஒரே ஒரு சதுர அடிப் பெயின்ட் ஓர் அறையையே 2019ஆம் ஆண்டு எல்லைக்கு 900 மடங்குக்கு மேல் கொண்டுபோய்விடும்.

உடம்புக்குள் போன காரீயம் கால்சியத்தைப்போல நடிக்கிறது. குடல் அதைக் கால்சியம் என்று ஏற்றுக்கொள்கிறது, எலும்பு சேமித்துவைக்கிறது, வளரும் மூளை உள்ளே விடுகிறது. பெரியவர்கள் விழுங்கியதில் பத்தில் ஒரு பங்கே உடம்பில் ஒட்டும். சிறு குழந்தைக்குப் பாதி வரை ஒட்டும். இரும்புச்சத்துக் குறைவான குழந்தைக்கு இன்னும் அதிகம். இரத்தத்தில் மாதக்கணக்கிலும் எலும்பில் பல ஆண்டுகளும் அது தங்குகிறது. ஒரு பெண் கருவுறும்போது, தன் சிறுவயதில் எலும்பில் சேர்ந்ததைத் தன் குழந்தைக்குக் கொடுக்க நேர்கிறது.

எவ்வளவு வரை இருக்கலாம் என்ற கேள்விக்கு அமெரிக்க மருத்துவத் துறை சொன்ன பதில் இறங்கிக்கொண்டே வந்தது. 1960களில் ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 60 மைக்ரோகிராம் வரை கவலை இல்லை என்றார்கள். அது பிறகு 40, 30, 25 எனக் குறைந்தது. 1991இல் 10, 2012இல் 5, 2021இல் 3.5. ஹெர்பர்ட் நீடில்மன் 1979இல் பாஸ்டனை அடுத்த பள்ளிகளின் குழந்தைகளிடம் உதிர்ந்த பால்பற்களைச் சேகரித்து, நோய்க்குறி எதுவும் இல்லாத குழந்தைகளிடமும் காரீயம் கூடக்கூட அறிவுத்திறன் குறைவதைக் காட்டினார். அதற்காக அவர்மீது நேர்மையற்ற ஆய்வென்ற குற்றச்சாட்டே சுமத்தப்பட்டது. விசாரணைகளில் அவர் தவறு செய்யவில்லை என்றே முடிவானது. லான்ஃபியரும் மற்றவர்களும் பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2005இல் வெளியிட்டது இன்னும் கலங்கவைக்கிறது. அளவு 2.4இலிருந்து 10 ஆகும்போது அறிவுத்திறன் எண்ணில் இழப்பு 3.9 புள்ளி. 10இலிருந்து 20 ஆகும்போது இழப்பு 1.9 புள்ளிதான். முதலில் ஏறும் சிறிய அளவே அதிகம் கெடுக்கிறது.

போனதைத் திரும்பப் பெற மருந்து உண்டா? இரத்தத்திலிருந்து காரீயத்தை இழுத்து வெளியேற்றும் சக்சிமர் என்ற மருந்தை, 20 முதல் 44 மைக்ரோகிராம் வரை இருந்த 780 குழந்தைகளிடம் பரிசோதித்தார்கள். முடிவு 2001இல் வெளியானது. மருந்து இரத்த அளவைக் குறைத்தது. அறிவுத்திறனில் எந்த முன்னேற்றமும் தெரியவில்லை. என் பார்வையில் இந்த விவகாரம் முழுவதையும் தீர்மானிக்கும் ஆய்வு இதுதான். குழந்தையின் இரத்தத்தில் காரீயத்தைக் கண்டுபிடித்த பிறகு மருத்துவத்தால் பெரிதாக ஒன்றும் செய்ய இயலாது என்றால், குழந்தையில் தொடங்கும் சோதனை முறையே தவறானது.

அந்த முறை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பால்டிமோர் சாட்சி. 1990களில் அங்கே கென்னடி கிரீகர் நிறுவனம், பழைய வாடகை வீடுகளை எவ்வளவு குறைந்த செலவில் பாதுகாப்பானதாக்கலாம் என்று ஆராய்ந்தது. வீடுகளை வெவ்வேறு செலவில் பழுதுபார்த்து, அவற்றில் வாழ்ந்த சிறு குழந்தைகளின் இரத்தத்தை இடைவெளி விட்டு அளந்தார்கள். நோக்கம் நல்லதுதான். முழுவதும் காரீயத்தை அகற்றும் செலவை எந்த வீட்டுக்காரரும் ஏற்கவில்லை, மலிவான வழி கிடைத்தால் ஆயிரக்கணக்கான வீடுகள் மேம்படும் என்று ஆய்வாளர்கள் எண்ணினார்கள். ஆனால் பழுதுபார்ப்பு போதுமா என்பதை அங்கே அளந்து சொன்னது குழந்தையின் இரத்தம். மேரிலாந்து மாநிலத்தின் உயர்நிலை நீதிமன்றம் 2001இல் அளித்த தீர்ப்பில் இதைக் கடுமையாகக் கண்டித்தது. அந்தக் கண்டனத்தை ஓர் ஆய்வு நிறுவனத்தோடு நிறுத்திவிட்டது நியாயமில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. நாடு முழுவதும் நடைமுறையில் இருந்த ஏற்பாடும் அதையேதான் செய்துகொண்டிருந்தது.

ராச்செஸ்டரின் சட்டம் 2005 டிசம்பரில் நிறைவேறி 2006 ஜூலையில் நடப்புக்கு வந்தது. அதன் சாமர்த்தியம் புதிதாக ஒரு துறையை உருவாக்காததில் இருக்கிறது. அந்நகரில் வீட்டை வாடகைக்கு விட ஏற்கெனவே குடியிருப்புச் சான்றிதழ் வேண்டும். அதைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆய்வு நடத்திப் புதுப்பிப்பார்கள். மின்கம்பி, படிக்கட்டு, தீயெச்சரிக்கைக் கருவி ஆகியவற்றோடு காரீயத்தையும் அந்த ஆய்வில் சேர்த்தார்கள். பெயின்ட் உரிந்திருக்கிறதா என்று ஆய்வாளர் முதலில் கண்ணால் பார்ப்பார். ஆபத்து மிகுந்த வட்டாரங்களில், கண்ணால் பார்த்துத் தேறிய வீட்டிலும் தூசி எடுக்க வேண்டும். ஒரு சதுர அடி அளவுக்குச் சட்டகம் வைத்து, ஈரத் துடைப்புத் தாளால் வளைத்து வளைத்துத் துடைத்து, குப்பியில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும் எளிய சோதனை அது.

வீட்டுக்காரர்கள் வீடுகளைப் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள், வாடகை ஏறிவிடும், ஏழைகள் தெருவுக்கு வந்துவிடுவார்கள் என்று அப்போது அச்சுறுத்தினார்கள். சட்டத்தைத் தொடர்ந்து ஆராய்ந்த கேத்ரினா கோர்ஃப்மேக்கரின் குழு, முதல் நான்காண்டுகளில் 94 விழுக்காடு வீடுகள் கண் ஆய்வில் தேறின, தூசி எடுத்தவற்றில் 89 விழுக்காடு தேறின என்று கணக்கிட்டது. பெரும்பாலான வீட்டுக்காரர்களால் செய்ய முடிந்த வேலையாகவே அது இருந்தது. இந்த எண்களில் இன்னொன்றும் இருக்கிறது. கண்ணுக்கு நல்ல நிலையில் தெரிந்த வீடுகளில் பத்தில் ஒன்றுக்கு மேல் தூசிச் சோதனையில் தோற்றன. அந்தச் சோதனை இல்லையென்றால் அவ்வளவு வீடுகளுக்கும் நல்ல சான்றிதழ் கிடைத்திருக்கும். குழந்தைகளின் இரத்தத்தில் காரீயம், நியூயார்க் மாநிலத்தின் மற்றப் பகுதிகளைவிட ராச்செஸ்டர் இருக்கும் மாவட்டத்தில் இரண்டு மடங்குக்கும் அதிகமான வேகத்தில் குறைந்தது.

வீட்டைச் சோதிக்க வேண்டும் என்றால், சோதனையில் தோற்ற வீட்டைச் சீர்செய்யவும் வேண்டும். இங்கேதான் இன்னோர் ஆபத்து. அசையாமல் பல அடுக்குக்கு அடியில் கிடக்கும் பழைய பெயின்ட்டைவிட, அதைத் தெரியாமல் தேய்த்து எடுப்பது கொடியது. நியூயார்க் நகரம் நீங்கலாக அம்மாநிலத்தில் 2006, 2007 ஆண்டுகளில் 20 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் இருந்த 972 குழந்தைகளை ஆராய்ந்தபோது, 139 பேருக்கு, அதாவது 14 விழுக்காட்டினருக்கு, காரணம் வீட்டில் நடந்த பழுதுபார்ப்பும் பெயின்ட் வேலையும். ஆசையாகப் பழைய வீட்டை வாங்கி, பிறக்கப்போகும் குழந்தைக்காக அறையைத் தங்கள் கையாலேயே தேய்த்துப் புதுப்பித்த பெற்றோரும் இப்படிப்பட்ட கணக்குகளில் உண்டு.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2008இல் எழுதி 2010 ஏப்ரலில் நடப்புக்குக் கொண்டுவந்த புதுப்பிப்பு விதி இதற்காகத்தான். 1978க்கு முந்தைய வீட்டில் அறைக்குள் 6 சதுர அடிக்கு மேலோ, வெளியே 20 சதுர அடிக்கு மேலோ பெயின்ட்டைக் கலைக்கும் வேலை, அல்லது ஜன்னல் மாற்றும் வேலை என்றால், பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கிய நிறுவனம்தான் செய்ய வேண்டும். தரையில் பிளாஸ்டிக் விரித்து ஓரங்களை ஒட்ட வேண்டும். குளிர்காற்றுத் துளைகளை மூட வேண்டும். தண்ணீர் தெளித்து ஈரமாக்கிச் சுரண்ட வேண்டும். தீயால் எரித்து எடுக்கக் கூடாது, 1,100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் சூடுபடுத்தக் கூடாது, நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி இல்லாத இயந்திரத்தால் தேய்க்கக் கூடாது. இவ்வளவும் சரி. விதியின் பலவீனம் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. வேலை முடிந்ததும் ஈரத்துணியால் தரையைத் துடைத்து, துணியின் நிறத்தை ஓர் அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும் என்கிறது. ஆய்வகத்துக்குத் தூசி அனுப்பக் கட்டாயமில்லை. மைக்ரோகிராம் கணக்கில் அளக்க வேண்டியதைக் கண்பார்வைக்கு விட்டது தவறு என்றே நினைக்கிறேன். சொந்த வீட்டில் தானே வேலைசெய்பவருக்கு இந்த விதியும் கிடையாது.

வாடகைக்கு இருப்பவரின் நிலைமை வேறு. ஜன்னல் அவருடையதில்லை, மாற்ற உரிமையில்லை. புகார் சொன்னால் காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் வேறு. 1996 முதல் அமெரிக்காவில் 1978க்கு முந்தைய வீட்டை விற்பவரும் வாடகைக்கு விடுபவரும் தங்களுக்குத் தெரிந்த காரீய விவரத்தை எழுத்தில் தர வேண்டும், ஒரு கையேடும் தர வேண்டும். 'தெரிந்த' என்ற சொல்லில் ஓட்டை இருக்கிறது. சோதிக்காத வீட்டுக்காரருக்கு எதுவும் தெரியாது, எனவே சொல்ல எதுவுமில்லை. நம்மவர்கள் ஏராளமாக வாழும் நியூஜெர்சி 2022 ஜூலை முதல் இந்த ஓட்டையை ஓரளவு அடைத்திருக்கிறது. சில விலக்குகள் தவிர, 1978க்கு முந்தைய வாடகை வீடுகளில் காரீயச் சோதனை கட்டாயம். அங்கே பழைய வீட்டுக்குக் குடிபோகும் தமிழ்க் குடும்பங்கள், கையெழுத்துப் போடும் காகிதக் கட்டில் இருக்கும் காரீய விவரப் பக்கத்தைப் புரட்டிவிடாமல், சோதனைச் சான்று எங்கே என்று கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டின் நிலை அப்படியே இதுபோன்றதல்ல. நம் பழைய வீடுகளின் சுவரில் பெரும்பாலும் சுண்ணாம்பு இருந்தது, அதில் காரீயம் இல்லை. கவனிக்க வேண்டியது எனாமல் பெயின்ட்: கதவு, நிலை, ஜன்னல், இரும்பு கிரில், மாடிக் கைப்பிடி, தொட்டில், பள்ளி பெஞ்சு. மஞ்சள், பச்சை, சிவப்பு போன்ற பளிச்சென்ற நிறங்களில் ஆபத்து கூடுதல். இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் காரீயம் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் வெளியாகி, 2017 நவம்பர் 1 முதல் நடப்புக்கு வந்தது. அது கடையில் விற்கும் புதிய டப்பாவைப் பற்றிய விதி. அதற்கு முன்பே கதவில் ஏறிவிட்ட பெயின்ட்டைப் பற்றி அது பேசவில்லை. சென்னைப் பள்ளிகளில் 3 முதல் 7 வயதுக் குழந்தைகளிடம் நடத்தி 2009இல் வெளியான ஆய்வில் இரத்தக் காரீயத்தின் சராசரியே 11 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தது. அதற்குப் பெயின்ட் ஒன்றே காரணம் என்று சொல்வதற்கில்லை. அந்த அளவோடு வளரும் குழந்தைக்கு வீட்டிலிருந்து இன்னும் கொஞ்சம் சேரக் கூடாது என்பதே என் கவலை.

பொங்கலுக்கு முன் நடக்கும் பெயின்ட் வேலையை நினைத்துப் பாருங்கள். கிரில்லையும் கதவையும் உப்புத்தாள் போட்டு உலர்வாகவே தேய்ப்பார்கள். பொடி கூடத்தில் பறக்கும். சாயங்காலம் துடைப்பத்தால் கூட்டுவார்கள். வேலை செய்தவர் அதே சட்டையோடு வீட்டுக்குப் போய்த் தன் குழந்தையைத் தூக்குவார். 2017க்கு முன் எனாமல் அடித்த வீடு என்றால் இந்த வேலையை வேறு விதமாகச் செய்யச் சொல்லுங்கள். நனைத்துத் தேய்க்கும் நீர்த்தாள் கடையில் கிடைக்கிறது. தரையில் பிளாஸ்டிக் விரித்து, முடிந்ததும் பொடியோடு சுருட்டிக் கட்டி அகற்றச் சொல்லுங்கள். கூட்டாமல், சோப்புத் தண்ணீரில் ஈரத்துணியால் இரண்டு முறை துடையுங்கள். துணியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். வேலை நடக்கும் நாட்களில் கர்ப்பிணியும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையும் வேறு வீட்டில் இருக்கட்டும். பெயின்டருக்கு முகக்கவசமும், கைகால் கழுவிச் சட்டை மாற்ற இடமும் கொடுங்கள். அவர் வீட்டுக் குழந்தைக்கும் அது பாதுகாப்பு.

தனித்தனி வீடுகளில் நாம் எடுக்கும் எச்சரிக்கையால் வாடகைக் குடித்தனங்களின் சிக்கல் தீராது. 2017க்கு முன் பெயின்ட் அடித்த வீடுகளை, குறைந்தபட்சம் பள்ளிகளையும் அங்கன்வாடிகளையும் அரசுக் குடியிருப்புகளையும், மாநில அரசு தூசி எடுத்துச் சோதிக்கத் தொடங்க வேண்டும். அந்தக் கட்டடங்களில் அடுத்த முறை பெயின்ட் வேலைக்கு டெண்டர் விடும்போது, உலர்வாகத் தேய்க்கக் கூடாது என்ற ஒரு நிபந்தனையைச் சேர்ப்பதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை.